உயிரோடு இருப்பவர்களுக்கான இளைப்பாற்றி

நேற்றுக் காலை உன் கேத்தில் என் வீட்டுக்கு வந்தது.

உப்புவெளியிலிருந்து மாமனாரைப் பார்க்க வந்த உன் மருமகள், அதைப் பழைய துவாய் ஒன்றில் சுற்றி, கைக்குழந்தையைப் போல இடுப்பில் ஏந்திக்கொண்டு என் கேற்றடியில் நின்றாள். செபக்கூட்டம் முடிந்ததும் ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டாருக்கும் தேநீர் வார்ப்பாயே, அந்தப் பெரிய அலுமினியக் கேத்தில். பங்குனியில் நீ எங்களை விட்டுப் போனதிலிருந்து எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்டு வாங்க மனம் வரவில்லை. என்னிடமிருந்த சின்னக் கேத்திலில் இரண்டு தடவை கொதிக்க வைத்துச் சமாளித்தோம். நான் மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் இல்லை, தேயிலைச் சக்கை இல்லை. துடைத்து வைத்த கேத்தில்தான். ஆனாலும் இஞ்சி வாசனை அப்படியே எழும்பி வந்தது. உனக்குப் பாத்திரம் சரியாகக் கழுவத் தெரியாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நேற்று அதற்காக உனக்கு நன்றி சொன்னேன்.

"மாமா குடுத்துவிட்டவர், அன்ரி," என்றாள் உன் மருமகள். "இனி அங்க தேத்தண்ணி வைக்க ஆக்கள் இல்லையாம். நீங்களே வைச்சிருக்கட்டாம்."

"அவர் எப்படி இருக்கிறார்?"

"கேட்டா நல்லாயிருக்கிறன் எண்டுதான் சொல்லுறார். கேற்றுக்குச் சங்கிலி போட்டிருக்கிறார், அன்ரி. நான் போன் எடுத்துத்தான் உள்ளுக்குப் போனனான்."

உனக்கு அந்தச் சொல்லைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. "நீ நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லேக்க எனக்குக் கதவு சாத்துற சத்தம் கேக்குதடி" என்பாய். உன் மருமகள் சொன்னபோது, இத்தனை வருடத்துக்குப் பிறகு, எனக்கும் அது கேட்டது.

நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கொன்வென்றில் நான் வகுப்புத் தலைவி. நீ வரிசையில் கதைத்ததற்காகத் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தி வைக்கப்படுகிறவள். அழ வேண்டுமென்றால் குழாயடிக்குப் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று எங்கள் மதர் சொல்லுவார். அந்தப் பாடத்தில் நான் முதலாம் ஆள். நீ சித்தியடையவே இல்லை. நீ வகுப்புக்கு நடுவிலேயே அழுதாய், பூசைக்கு நடுவிலேயே சிரித்தாய். முகத்தைக் கழுவாமலே எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொன்னாய். எனக்கு அது ஒழுக்கக் குறைவாகத்தான் தெரிந்தது. துறைமுகக் காரியாலயத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. மேசையில் ஒரு கடிதம் வந்தால் முதலில் ஒற்றுப் பிழை பார்ப்பேன், பிறகுதான் விடயம். மனிதர்களையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தேன்.

என் மனிதர் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்திரிகையை மடித்து வைக்காமலே. செத்த வீட்டில் நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போதுமா என்று பார்த்தேன், மரண அறிவித்தலில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி அச்சடிக்கச் சொன்னேன். "என்ன தைரியமான மனுசி" என்று ஆட்கள் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அது பிடித்தது. ஒளிக்க ஒன்றுமில்லை, மிகவும் பிடித்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று உன்னைத் தவிர ஒருவரும் ஊகிக்கவில்லை. பின்னேரம் கோயில் மணி அடிக்கும். பின்னாலேயே பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். குடாவில் நிற்கும் கப்பல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். ஊர் முழுக்க வீட்டுக்குத் திரும்பும் அந்த நேரத்தில் நான் யன்னல்களைச் சாத்துவேன். வீட்டிலுள்ள எல்லா லைற்றையும் போட்டுவிட்டு, முன்கதவைப் பார்த்தபடி கதிரையில் இருப்பேன். கட்டிலில் படுப்பதில்லை. சமைப்பதில்லை, பிஸ்கற்றைத் தேநீரில் நனைத்துத் தின்பேன். கனடாவிலிருந்து மகள் அழைத்து "அம்மா, எப்பிடி?" என்று கேட்பாள். "நல்லாயிருக்கிறன்," என்று தெளிவான உச்சரிப்பில் சொல்லுவேன்.

அது நாடு முழுக்கக் காஸுக்கு வரிசையில் நின்ற வருடம். வைகாசி, மாதாவின் வணக்க மாதம் என்றபடியால் ஒவ்வொரு மாலையும் ஒழுங்கையில் ஒரு வீட்டில் செபமாலை. நான் போவதில்லை. கோயிலுக்குப் போவேன், பின்வரிசையில் இருந்து பூசை காண்பேன், ஒருவரோடும் கதைக்காமல் திரும்புவேன். கடவுளை நம்புவதற்கும் நம் ஒழுங்கை நிர்மலா வீட்டு விறாந்தையில் காலை மடித்து இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பின்னேரம் நீ இந்தக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"எடி பிலோ, என்ர வீட்டில காஸ் முடிஞ்சுது. இண்டைக்கு நிர்மலா வீட்டில செபம். உன்ர அடுப்பில தண்ணி கொதிக்க வைச்சுத் தா."

"ஏன், நிர்மலா வீட்டிலயும் இல்லையே?"

"ஒழுங்கையில ஒருத்தரிட்டயும் இல்லை. உன்ர சிலிண்டர் மட்டும்தான் முடியாது. நீதானே சமைக்கிறேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. நான் சமைப்பதில்லை என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "உன்ர குசினி யன்னலால ஒரு மாசமாத் தாளிச்ச மணம் வரேல்லை," என்றாய். பதிலுக்குக் காத்திருக்காமல் இஞ்சியைத் தட்டத் தொடங்கினாய். கொதித்ததும், "எனக்குத் தோள் ஏலாது, நீ தூக்கிக்கொண்டு வா," என்றாய். பொது வேலைக்கு முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த நாளும் உன் வீட்டில் காஸ் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வாசலில் நின்ற நான் படியில் இருந்தேன், படியிலிருந்து பாய்க்கு வந்தேன். பிறகொரு நாள் உன் குசினிக்குள் வந்தபோது, சாக்கால் மூடியிருந்த இரண்டு சிலிண்டர்களைக் கண்டேன். ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். நிறைந்திருந்தது. சாக்கைப் பழையபடி மூடிவிட்டு வெளியே வந்தேன். நான் கண்டதை நீ கண்டாயா? இருவரும் அதைப் பற்றிக் கடைசி வரை கதைக்கவில்லை.

அந்த மாதத்து ஒரு மாலையைத்தான் நமது ஒழுங்கை இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. நம்மைத் தெரியாத ஒருவர் வாசித்தாலும் விளங்கட்டும் என்று முழுவதுமாக எழுதுகிறேன்.

செபமாலை முடிந்ததும் மன்றாட்டு. சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். நிர்மலா சொன்னாள்: "ஆண்டவரே, கட்டாரில இருக்கிற என்ர மனுசன் நாளைக்கு எண்டாலும் போன் எடுக்கோணும்." மன்றாட்டு என்பது திருச்சபைக்கும் உலகுக்கும் நோயாளருக்கும் வேண்டுவது, போன் எடுக்காத மனுசனைப் பற்றி முறையிடுவது அல்ல என்று நான் மனதுக்குள் திருத்தினேன். என் முறைக்கு ஒரு வசனத்தை ஒழுங்காகத் தயாரித்து வைத்திருந்தேன். "காலஞ்சென்ற என் கணவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக உம்மை மன்றாடுகிறோம்." இறந்தவர்களுக்காக நாங்கள் எப்போதும் கேட்பது அதுதானே, ஆன்ம இளைப்பாற்றி.

எழும்பினேன். குரலைச் சரிசெய்தேன். "காலஞ்சென்ற என் ஆன்ம இளைப்பாற்றிக்காக உம்மை மன்றாடுகிறோம்," என்றேன்.

கணவர் விடுபட்டுப் போனார். நானே காலஞ்சென்றவளானேன். எல்லோரும் பழக்கத்தில், ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

பிறகுதான் நான் சொன்னது எல்லோருக்கும் உறைத்தது. முதலில் சிரித்தது நீ. கொன்வென்றில் பூசைக்கு நடுவே சிரித்த அதே சிரிப்பு, மூக்கால் வருவது. முச்சக்கர வண்டி ஓட்டுகிற எட்வின் எங்கே விடுவான்?

"பிலோ அக்கா, நீங்கள் இளைப்பாறின உத்தியோகத்தர். பென்சனும் எடுக்கிறீங்கள். இன்னும் எங்க இளைப்பாறப் போறீங்கள்?"

விறாந்தையே குலுங்கியது. நான் கையை உயர்த்தினேன். "மன்னிக்கவும். பிழை விட்டிட்டன். திருத்திச் சொல்லுறன்," என்றேன். வாயைத் திறந்தேன், வசனம் வரவில்லை. மறுபடி திறந்தேன். காரியாலயத்தில் எத்தனை பேரின் வசனத்தைத் திருத்தியவள், அந்த ஒன்றைத் திருத்த முடியாமல் நின்றேன். சிரிப்பு ஒவ்வொருவரிலும் அடங்கியது. நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்தினாய்.

"திருத்தாதை," என்றாய். "கேட்டது கேட்டதுதான். உயிரோட இருக்கிற ஆளுக்கு இளைப்பாற்றி கேக்கக் கூடாதெண்டு எங்க எழுதியிருக்கு? எதால களைச்சுப்போனனி? அதைச் சொல்லு."

அத்தனை பேருக்கு நடுவில் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதில்லை. நான் சொன்னேன். பின்னேரம் மணி அடித்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். கள்ளனுக்கு இல்லை, பேய்க்கு இல்லை, எதற்கென்று தெரியாது என்றேன். லைற்றெல்லாம் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறேன் என்றேன். முகம் நனைந்திருந்தது. கழுவக் குழாயடி பக்கத்தில் இல்லை.

ஒருவரும் புத்தி சொல்லவில்லை. வேதாகமத்தில் ஒரு வசனத்தையும் ஒருவரும் எடுத்துக் காட்டவில்லை. நிர்மலாதான் வாய் திறந்தாள். "எனக்கும் அந்த நேரம்தான், அக்கா. நான் ரீவியைச் சத்தமா விட்டிட்டு இருப்பன்." மூலையிலிருந்து இன்னொருவர் "எனக்கும்" என்றார். என் வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று நான் நினைத்திருந்த ஒன்று அந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது! ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்தி அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாளிலிருந்து நிர்மலா மரக்கறி நறுக்க என் விறாந்தைக்கு வந்தாள். தான் நறுக்குவது ஒரே அளவில் இல்லை என்று என்னிடம் ஏச்சு வாங்குவதற்காகவே வருவதாக எல்லோரிடமும் சொன்னாள். எட்வின் கடைசி ஓட்டம் முடிந்து போகும்போது என் கேற்றடியில் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பான். நான் விறாந்தை லைற்றை ஒரு தரம் அணைத்து மறுபடி போடுவேன். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த மாதம் முடிவதற்குள் கட்டிலில் படுத்தேன். பயம் முழுவதும் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். அது வரும்போது அதற்கு இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

"இளைப்பாற்றி" நம் கூட்டத்தின் சொல்லாகிவிட்டது. களைத்துப்போன எவரும் மன்றாட்டில் "எனக்கு இளைப்பாற்றி வேணும்" என்றால் போதும், காரணத்தை அவர் விரும்பினால் சொல்லலாம். புதிய பங்குத்தந்தை முதல் முறை கேட்டபோது திடுக்கிட்டு, "ஆர் செத்துப்போனது?" என்று கேட்டார். நீ அவருக்கு முழுக் கதையையும் சொன்னாய், என் குரலில் நடித்துக் காட்டி. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை.

உன் மனிதர் மட்டும் அந்த வட்டத்துக்குள் வந்ததில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சினோடு சீவித்தவர். செபம் உங்கள் வீட்டிலேயே நடந்தாலும் வெளியில் மாமரத்தடியில் இருந்து தூண்டில் முள்ளுக் கட்டுவார். கூப்பிட்டால், "எனக்கும் கடவுளுக்கும் நேரடிக் கதை. நடுவில ஆக்கள் தேவையில்லை," என்பார். நீ ஒருபோதும் வற்புறுத்தவில்லை. "அந்தாளுக்கு நான் இருக்கிறன் தானே," என்றாய்.

ஆம். இருந்தாய்.

ஆகவே நேற்றுக் காலை அந்தக் கேத்தில் என் குசினி மேசையில் இருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அதைத் தானமாகத் தரவில்லை. உன்னைத் தேடி ஆட்கள் வருவதற்கு அந்த வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் காரணத்தை வெளியே அனுப்பிவிட்டுச் சங்கிலி போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த வேலை அது. நானே செய்து பார்த்தது. அந்தக் கதிரையில் அவர் எவ்வளவு காலம் தாங்குவார் என்றும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அது நீண்ட காலம் இல்லை.

நேற்றுச் செபமாலை நிர்மலா வீட்டில். இது ஐப்பசி, செபமாலை மாதம், நீ இல்லாமல் வரும் முதலாவது. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கேத்திலைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன். உன் மதிலோரம், ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு நின்று எவரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. அவை விலகவில்லை. நான் சுற்றிப்போய்ச் சங்கிலியைத் தட்டினேன்.

கொஞ்ச நேரம் செல்லத்தான் உன் மனிதர் வந்தார். சவரம் செய்யவில்லை. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

"என்ன, பிலோ தங்கச்சி? கேத்தில் ஓட்டையோ?"

"ஓட்டை இல்லை, அண்ணை. என்ர வீட்டில காஸ் முடிஞ்சுது. செபத்துக்குத் தண்ணி கொதிக்க வைச்சுத் தரோணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காஸ் இப்ப கடைக்குக் கடை அடுக்கிக் கிடக்குது."

"என்ர வீட்டில முடிஞ்சுது."

"பொய் சொல்லத் தெரியாத ஆக்கள் அதுக்கு வெளிக்கிடக் கூடாது."

"உங்கட மனுசியிட்டப் பழகினனான். இன்னும் சரியா வரேல்லை."

அவர் சிரிக்கவில்லை. கேத்திலை வாங்கினார். பாரம் பார்ப்பவர் போல ஒரு தரம் தூக்கிப் பார்த்து மூடியைத் திறந்தார். இஞ்சி மணம் அவருக்கும் வந்திருக்கும். முகத்தை மாமரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வயதில் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய மரியாதை அது.

"தண்ணி எவ்வளவு?" என்றார் கடைசியில்.

"கழுத்து மட்டத்துக்கு. கொதிச்சதும் நீங்களே கொண்டு வரவேணும். எனக்கு முழங்கால் ஏலாது."

"முழங்கால் உண்மையோ?"

"முழங்கால் உண்மை."

சங்கிலியைக் கழற்றினார்.

நாங்கள் செபமாலையின் கடைசியான ஐந்தாம் தேவ இரகசியத்தில் இருந்தபோது நிர்மலாவின் பின்வாசல் திறந்தது. குசினியில் கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் போகும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எட்வின்கூட. இத்தனை வருடத்தில் நாங்கள் பழகிய நல்ல பழக்கங்களில் அது ஒன்று.

மன்றாட்டு வந்தது. இப்போதெல்லாம் முதலில் சொல்வது நான்தான். வசனம் எதையும் தயாரித்துக்கொண்டு போவதில்லை. "ஆண்டவரே," என்றேன், "என்ர சினேகிதி இல்லாம எனக்குப் பின்னேரங்கள் திரும்பவும் பாரமாக் கிடக்கு. அவளுக்கு இளைப்பாற்றி குடுத்திருப்பீர். எனக்கும் தாரும். அவளை நினைச்சு நித்திரையில்லாம இருக்கிற எவருக்கும் தாரும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது விறாந்தை.

எல்லோரும் முடித்த பிறகு, கொஞ்சம் பிந்தி, குசினிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் தனியாக அதே வசனத்தைச் சொன்னது. கடைசிச் சொல் உடைந்துபோயிற்று. மன்றாட்டு முறையில் அடுத்ததாக இருந்த நிர்மலா, அந்தக் குரல் சொல்லி முடியும் வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு தன் வேண்டுதலைத் தொடங்கினாள். இந்த முறை அந்தக் குரலும் எங்களோடு சேர்ந்தே பதில் சொன்னது.

தேநீரை அவரே கொண்டுவந்து வார்த்தார். ஒரு மிடறு குடித்ததும் தொண்டை எரிந்தது. எல்லோரும் மரியாதைக்காக விழுங்கினார்கள். எட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணை, இது தேத்தண்ணியோ, இழுவைப் படகுக்கு ஊத்துற எண்ணெயோ?"

"இஞ்சி கூடிப்போச்சு," என்றேன் நான். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

உன் மனிதர் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தார். "அவ இவ்வளவுதானே போடுறவ?"

"இல்லை, அண்ணை. அதில பாதி."

அவர் மூடியை வைத்து, கைபிடியைத் துடைத்தார்.

"அப்ப நாளைக்குப் பாதி போடுறன்," என்றார்.

எட்வின் என்னைப் பார்த்தான். நான் கோப்பைக்குள் பார்த்தேன். கேத்திலை அவர் என்னிடம் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து போனார். நான் என் விறாந்தையில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். கேற்று சாத்துப்படும் சத்தம் கேட்டது. சங்கிலிச் சத்தம் கேட்கவில்லை.

ஆக, கேத்தில் உன் வீட்டிலேயே இருக்கட்டும். உன் பொருளாக என்னிடம் இருப்பது அந்தப் பொய் ஒன்றுதான். கொன்வென்றில் படித்த எனக்கு அது முதலில் நாக்கில் ஒட்டவில்லை, இப்போது பரவாயில்லை. இன்று காலை என் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தேன், கழுத்து வரை நிறைந்திருக்கிறது. சாக்கால் மூடி வைத்தேன். இனி இந்த ஒழுங்கையில் எவராவது கேற்றடியில் நின்று "நல்லாயிருக்கிறன்" என்று சொல்லட்டும். அன்று பின்னேரமே என் வீட்டில் காஸ் முடிந்துபோகும்.

உன்,
பிலோ